கூட்டம் ஏன் வரவில்லை? டெல்டா விவசாய சங்கத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய டெல்டா மாவட்ட விவசாய சங்கத் தலைவர்களுக்கும் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

எந்தச் சங்கம் என்று பெயர் போட்டு எழுதவில்லை. பச்சைத் துண்டு, சிவப்புத் துண்டு, கட்சி சார்ந்தவர்கள், சாராதவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் சொல்ல வருவது எல்லோருக்கும் பொருந்தும்.

குறுவை நெல் கொள்முதல் பிரச்சினைக்காக இந்த ஐப்பசியில் நடந்த ஆர்ப்பாட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். ஆயிரக்கணக்கில் திரண்டு வாரீர் என்று நோட்டீஸ் அடித்திருந்தீர்கள். வந்தது நூறு பேர் இருக்கலாம். அதில் பாதிப் பேர் பொறுப்பாளர்கள், மீதியில் பாதி வேறு வேலையாக டவுனுக்கு வந்து தெரிந்த முகத்தைப் பார்த்து நின்றவர்கள். பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர்கள் வேனை விட்டு இறங்கவே இல்லை. கூட்டம் கம்மி என்பதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் அதைவிட வருத்தம், கடைசியில் மைக்கில் விழுந்த வார்த்தை. "விவசாயிக்குச் சொரணை செத்துப்போச்சு, தன் நெல்லுக்காகக்கூட தெருவுக்கு வர மாட்டேங்கிறான்." யார் பேசினார் என்பது முக்கியமில்லை. கீழே நின்றவர்கள் பலர் தலையாட்டினார்கள், அப்புறம் டீக்கடையிலும் அதே பேச்சுதான் ஓடியது.

அது தப்பு. வராதவர்கள் அன்றைக்கு எங்கே இருந்தார்கள் என்று யாராவது ஒருவர் போய்ப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

அவர்கள் நெல்லுக்குக் காவல் இருந்தார்கள். இந்த வருஷம் (2025) மேட்டூர் அணை ஜூன் 12-இலேயே திறந்தது, தண்ணீர் நேரத்துக்கு வந்தது, குறுவை எல்லாப் பக்கமும் நன்றாக விளைந்தது, புரட்டாசியில் அறுக்க ஆரம்பித்து ஐப்பசி மழையில் மாட்டிக்கொண்டது. வயலில் தண்ணீர் நின்றதால் டயர் வைத்த அறுவடை வண்டி இறங்காது, பெல்ட் வண்டிக்குக் காத்திருந்து மணிக்கணக்குக்குக் கூடுதல் வாடகை கொடுத்து அறுத்து, கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் அங்கே களம் நிறைந்து ரோட்டின் இரண்டு பக்கமும் அம்பாரம் அம்பாரமாக நெல் குவியல். எடை போட்ட 40 கிலோ மூட்டைகள் அட்டி அட்டியாக நிற்கின்றன. அதை ஏற்ற லாரி வரவில்லை, லாரி வந்தால் கிடங்கில் இடமில்லை, மூட்டை நகராததால் புது நெல்லுக்கு எடை மேடை காலியில்லை. சாக்கு வந்தால் சணல் வரவில்லை என்கிறார்கள். இது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், நீங்களும் மேடையில் இதைத்தான் பேசினீர்கள்.

ஆனால் அந்த அம்பாரத்தின் பக்கத்தில் ஒரு ஆள் எப்படி நாளைக் கழிக்கிறார் என்பதை நீங்கள் யோசிக்கவில்லை. காலையில் வெயில் தலைகாட்டியதும் தார்ப்பாயை உருவ வேண்டும், நெல்லைப் பரப்பிக் காலால் அளைந்து விட வேண்டும், தெற்கே கருத்தால் அவசரமாகக் கூட்டிக் குவித்து மறுபடியும் மூட வேண்டும், மூடிய தார்ப்பாய்க்குள் புழுக்கம் ஏறினால் அதுவே முளைப்புக்குக் காரணம், அதனால் இரவிலும் ஒரு தடவை ஓரத்தைத் தூக்கிக் காற்று விட வேண்டும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள் என்பதால்தான் இத்தனை பாடும். பட்டியல் எழுத்தர் மீட்டரோடு எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. வரும்போது ஆள் இல்லை என்றால் அடுத்த அம்பாரத்துக்குப் போய்விடுவார்கள். அன்றைக்கு விட்டால் இன்னும் எத்தனை நாள், எத்தனை மழை என்று சொல்ல முடியாது. ஒரு வருஷத்து உழைப்பை ரோட்டில் கொட்டி வைத்திருப்பவனைப் பார்த்து "பஸ் ஏறி வா, கோஷம் போடு" என்றால் அவன் எப்படி வருவான்? கொள்முதல் நடக்காததால் அடிபட்டவன் எவனோ, அவன்தான் அன்றைக்கு வர முடியாதவன். ஆர்ப்பாட்டத்துக்கு வந்த எங்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே நெல்லைப் போட்டு முடித்தவர்கள், இல்லையென்றால் குறுவையே போடாதவர்கள்.

ஒருவர் மட்டும் வந்திருந்தார். பெரியவர், கடைமடைப் பக்கம். துண்டில் ஒரு படி நெல் முடிந்து கொண்டுவந்திருந்தார். அவிழ்த்துக் காட்டினார். வெள்ளை முளை ஒரு விரற்கடை நீளத்துக்கு வந்து, வேர் ஒன்றோடொன்று பின்னி, கையில் எடுத்தால் நெல்லாக உதிராமல் பாய் மாதிரி மொத்தமாக வந்தது. புளித்த வாடை. அவருடைய மகனை அம்பாரத்தில் உட்கார வைத்துவிட்டு, கலெக்டர் கண்ணில் காட்ட வேண்டும் என்று இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். டிவிக்காரர்கள் தலைவர்களின் பேட்டியை எடுத்துக்கொண்டு அவர் கையை ஒரு நொடி காட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மனு கொடுக்க உள்ளே போன ஐந்து பேரில் அவரைச் சேர்க்கவில்லை. அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று நான் இப்போதும் நினைக்கிறேன். மேடையில் பேசிய எல்லாப் பேச்சையும்விட அந்த ஒரு படி நெல் போதும்.

அடுத்தது பெண்கள். ஒரு காலத்தில் இந்த டெல்டாவில் எந்த ஊர்வலத்துக்கும் முன்வரிசை அவர்கள்தான். அன்றைக்கு விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தார்கள். நான் திரும்பி வந்த மறுநாள் எங்கள் ஊரில் ஆட்களைச் சேர்த்து நடவுக் கட்டு எடுக்கும் அக்காவிடம் கேட்டேன், ஏன் யாரும் வரவில்லை என்று. சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. நாற்றுக் கட்டைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்: "தம்பி, வருஷத்துல நடவு இருக்கிறதே கொஞ்ச நாளு. பாதி வயலு இப்ப நேரடி விதைப்பு, மீதிக்கு மெஷினு வருது. இருக்கிற நாளையும் விட்டுட்டு வந்தா கூலிக்கு யாருகிட்ட போய் நிக்கிறது? அதுவும் போவட்டும், நோட்டீஸைப் படிச்சுக் காட்டச் சொன்னேன். அதுல எங்க பேச்சு எங்க இருக்கு?"

நோட்டீஸை எடுத்து நான் மறுபடி படித்தேன். ஈரப்பதத் தளர்வு, கூடுதல் கொள்முதல் நிலையம், மூட்டைக்குக் கமிஷன் வாங்குவதைத் தடுப்பது, முளைத்த நெல்லுக்கு இழப்பீடு. எல்லாம் நியாயமான கோரிக்கை. நெல்லின் சொந்தக்காரனுக்கான கோரிக்கை. மழையில் வேலை இல்லாமல் போன நாளுக்குக் கூலித் தொழிலாளிக்கு நிவாரணம் என்று ஒரு வரி இல்லை. நூறு நாள் வேலைச் சம்பள பாக்கி பற்றி ஒரு வரி இல்லை. கொள்முதல் நிலையத்திலேயே மூட்டை தூக்கி முதுகு ஒடிகிற சுமைப்பணியாளர்களின் கூலி பற்றி ஒரு வரி இல்லை. அந்தக் கூலி ஒழுங்காகக் கிடைத்தால் மூட்டைக்கு இவ்வளவு என்று விவசாயியிடம் கை நீட்டும் பழக்கத்துக்குப் பாதிக் காரணம் போய்விடும், ஆக அது நம் கோரிக்கையும்தான். அவர்களும் நாமும் ஒரே ரோட்டில் ஒரே மழையில் நிற்கிறோம், ஆனால் நோட்டீஸில் அவர்கள் இல்லை.

இது டெல்டாவுக்குப் புதிதல்ல என்று மூத்தவர்கள் உங்களுக்கே தெரியும். 1940-களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாச ராவ் இந்தக் கீழத்தஞ்சைக்கு வந்தபோது அவர் ரோட்டில் பந்தல் போட்டு மைக் வைத்து யாரையும் கூப்பிடவில்லை. கன்னட மண்ணில் பிறந்த மனிதர், இங்கே சேரி சேரியாக நடந்தார், இரவில் அவர்கள் வேலை முடிந்து வரும் நேரத்தில் உட்கார்ந்து பேசினார். பண்ணையாளும் குத்தகைதாரரும் சேர்ந்து நின்றார்கள். அந்த நெருக்கடியில்தான் 1952-இல் தஞ்சாவூர் குத்தகைதாரர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் பெயரிலேயே இரண்டு பேரும் இருக்கிறார்கள், கவனியுங்கள். 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதும் கூலி உயர்வு கேட்டதைத் தொடர்ந்துதான். அந்த ரத்தம் சிந்திய மக்களின் பேரப்பிள்ளைகளைப் பார்த்து சொரணை இல்லை என்று மைக்கில் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

குத்தகைதாரர் என்றதும் இன்னொன்று. டெல்டாவில் எவ்வளவு நிலம் கோயில் பெயரிலும் மடத்தின் பெயரிலும் இருக்கிறது, வெளியூரில் இருக்கும் மிராசுகள் பெயரில் எவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உழுபவர் வேறு, பட்டா வேறு. குத்தகையைப் பதிவு செய்ய 1969-இலேயே சட்டம் இருக்கிறது, ஆனால் வாய்மொழிக் குத்தகையில் ஓடுபவர்கள்தான் ஊருக்கு ஊர் அதிகம். பதிவு செய்யக் கேட்டால் அடுத்த வருஷம் நிலம் கிடைக்காது என்ற பயம். இந்த ஆளுக்குக் கொள்முதல் நிலையத்தில் ஆன்லைனில் பதிய சிட்டா, அடங்கல் வேண்டும், வி.ஏ.ஓ. சான்று வேண்டும், நிலக்காரர் கையெழுத்து கொடுக்க இழுத்தடித்தால் கதை முடிந்தது. கடைசியில் வாசலிலேயே வியாபாரியிடம் வந்த விலைக்குத் தள்ளுகிறார். 2025 செப்டம்பரிலிருந்து குவிண்டாலுக்கு சாதாரண ரகம் 2,500, சன்ன ரகம் 2,545 என்று அரசு விலை அறிவித்தது, மத்திய அரசின் 2,369, 2,389 ரூபாயோடு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து. அந்த விலை இவர் கையில் வந்து சேரவே இல்லை. அவர் பதியவே முடியாத கொள்முதல் நிலையத்துக்காக அவரை ஆர்ப்பாட்டத்துக்குக் கூப்பிட்டால் எந்த முகத்தோடு வருவார்? "குத்தகைதாரர் நெல்லை நிலக்காரர் கையெழுத்து இல்லாமல், கிராம அளவில் விசாரித்து எடு" என்று முதல் கோரிக்கையாகப் போட்டுப் பாருங்கள். நானும் மூன்று மா, அதாவது சுமார் ஒரு ஏக்கர், கோயில் நிலம் குத்தகைக்குப் பார்க்கிறவன்தான், எங்கள் தெருவில் எத்தனை பேர் கிளம்புவார்கள் என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் இதைச் சொல்லாமல் விட முடியாது. அதே வாரத்தில், அதே பிரச்சினைக்கு, ஒரு சங்கம் திங்கட்கிழமை மனு கொடுத்தது, இன்னொன்று புதன்கிழமை மறியல் அறிவித்தது, மூன்றாவது சங்கம் குறைதீர் கூட்டத்தில் முளைத்த நெல்லோடு வெளிநடப்பு செய்தது. கோரிக்கை எல்லாவற்றிலும் ஒன்றுதான், பேனர்தான் வேறு. ஒவ்வொன்றிலும் நூறு பேர், நூற்றைம்பது பேர். அதிகாரிகளுக்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்? தனித்தனியாக வந்தால் தனித்தனியாகப் பேசி அனுப்பிவிடலாம். எங்கள் ஊரில் ஒரே வீட்டுக்கு மூன்று சங்கத்திலிருந்தும் நோட்டீஸ் வந்தது. எதற்குப் போவது என்று குழம்பி எதற்கும் போகாதவர்கள் இருக்கிறார்கள், ஒன்றுக்குப் போனால் இன்னொருவர் கோபித்துக்கொள்வார் என்று ஒதுங்கியவர்களும் இருக்கிறார்கள்.

டெல்லி எல்லையில் 2020 நவம்பரிலிருந்து ஒரு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தார்களே, அவர்களுக்குள் இல்லாத சண்டையா நமக்குள்? கொடியும் கொள்கையும் வேறு வேறான பல சங்கங்கள் ஒரே பெயரில் நின்றன. 2021 நவம்பர் 19-ஆம் தேதி மூன்று வேளாண் சட்டங்களைத் திரும்பப் பெறுவதாகப் பிரதமர் அறிவிக்கும்வரை அது உடையவில்லை. அங்கேயும் கோதுமை அறுவடை வந்தது, நடவு வந்தது. ஊருக்கு ஊர் முறை வைத்துக்கொண்டார்கள். இந்த வாரம் இவர்கள் போனால் இவர்கள் வயலை ஊரில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள், அடுத்த வாரம் வேறு ஆள். தண்ணீர் குறைந்தால் மதகுக்கு மதகு முறை வைத்துப் பாய்ச்சத் தெரிந்தவர்கள் நாம், ஆள் அனுப்ப முறை வைக்க முடியாதா?

உங்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். காவிரி வழக்கில் நடுவர் மன்றம் வேண்டும் என்று 1983-இல் உச்ச நீதிமன்றப் படியேறியது ஒரு விவசாய சங்கம். 1990 மே மாதம் அந்த வழக்கில் வந்த தீர்ப்பால்தான் ஜூன் 2-ஆம் தேதி நடுவர் மன்றம் அமைந்தது. 1991 இடைக்காலத் தீர்ப்பு, 2007 இறுதித் தீர்ப்பு, 2018-இல் கர்நாடகம் எல்லையில் பிலிகுண்டுலுவில் 177.25 டி.எம்.சி. தண்ணீர் தர வேண்டும் என்ற தீர்ப்பு, அதற்குப் பின் வந்த மேலாண்மை ஆணையம், எல்லாவற்றுக்கும் வேர் அங்கே இருக்கிறது. சங்கம் என்றால் என்ன செய்ய முடியும் என்று எங்களுக்குக் காட்டியவர்கள் நீங்கள். அதனால்தான் கோபத்தோடு கேட்கிறேன்.

கூட்டம் வராது என்றும் யாரும் சொல்லிவிட முடியாது. மீத்தேன் திட்டத்தை எதிர்த்து நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போனபோது வந்தது. 2013 டிசம்பர் 30-இல் அவர் உயிர் போனதும் பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில், அந்தப் பிரச்சார நடையின் நடுவில்தான். 2017-இல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் வேண்டாம் என்று உட்கார்ந்தார்கள், கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் உடைந்தபோது ஊரே வெளியே வந்தது, அடி வாங்கியது, ஜெயிலுக்குப் போனது. 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் சும்மா வந்ததா? 2023 ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி பக்கம் நிலக்கரி எடுக்க ஏலப் பட்டியலில் பெயர் வந்ததும் டெல்டா முழுக்கக் கொதித்தது, சில நாளிலேயே பட்டியலிலிருந்து எடுத்தார்கள். இவை எல்லாம் அதே மக்கள். வித்தியாசம் ஒன்றுதான். நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் போராட்டம் மக்கள் இருந்த இடத்தில் நடந்தது. வேலைக்குப் போய்விட்டு வந்து உட்கார முடிந்தது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வர முடிந்தது, அங்கேயே சமைத்துச் சாப்பிட முடிந்தது. மாவட்டத் தலைநகரில் காலை பத்து மணிக்கு மேடை போட்டால் அதற்கு வரக்கூடியவர் வேறு வேலை இல்லாதவரும் சொந்த வண்டி உள்ளவரும்தான்.

அதனால் என் கோரிக்கை இது. அடுத்த தடவை போராட்டத்தைக் கொள்முதல் நிலையத்திலேயே வையுங்கள். ஒரே நாள், ஒரே மணி, டெல்டாவில் திறந்திருக்கும் எல்லாக் கொள்முதல் நிலையத்திலும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, கடலூரின் தெற்குப் பக்கம், எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் அவரவர் அம்பாரத்தின் பக்கத்தில் எழுந்து நிற்கட்டும். யாரும் நெல்லை விட்டு வர வேண்டாம். பஸ் காசு வேண்டாம், மேடை வேண்டாம், மைக் வேண்டாம். ஒரு நிலையத்துக்கு ஐம்பது பேர் என்றாலும் மொத்தம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள். சுமைப்பணியாளர்கள் அங்கேயே இருக்கிறார்கள், அவர்கள் கோரிக்கையும் அதே அட்டையில் இருந்தால் அவர்களும் நிற்பார்கள். ஈரப்பதம் எவ்வளவு காட்டியது, எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று ஒவ்வொருவரும் ஒரு அட்டையில் எழுதிப் பிடித்தால் போதும், ஊர்ப் பிள்ளைகள் போனில் படம் எடுத்து அனுப்புவார்கள். தலைநகரத்துக்குப் போக வேண்டிய வேலைக்கு ஊருக்கு இரண்டு பேர், முறை வைத்து. அந்த இரண்டு பேரின் நெல்லை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள், அவர்கள் கூலித் தொழிலாளிகள் என்றால் அன்றைய கூலியைச் சங்கம் கொடுக்க வேண்டும்.

இதற்கு முதலில் நீங்கள் எல்லோரும் ஒரு இடத்தில் உட்கார வேண்டும். சம்பா, தாளடி அறுவடை தை, மாசியில் வருகிறது. அப்போதும் இதே லாரி, இதே கிடங்கு, இதே சாக்குப் பிரச்சினை வரும், குறுவையைவிட நெல் அதிகம் வரும். அதற்குள், மார்கழி பிறப்பதற்கு முன்னால், ஒரு பொதுக் கூட்டம் போடுங்கள். டவுன் மண்டபத்தில் வேண்டாம். ஏதாவது ஒரு கிராமத்தில், ராத்திரி ஏழரை மணிக்கு மேல், நடவு ஆட்கள் குளித்துச் சாப்பிட்டு வரும் நேரத்தில். பேசுவதைக் குறைத்து எங்களைப் பேச விடுங்கள். கோரிக்கையை அங்கேயே எழுதுங்கள், எழுதியதை அங்கேயே படித்துக் காட்டுங்கள், குத்தகைதாரரும் நடவுப் பெண்களும் சரி என்று சொன்ன பிறகு அச்சுக்குக் கொடுங்கள்.

இடம் வேண்டுமென்றால் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திடல் இருக்கிறது, லைட் இருக்கிறது, மழை வந்தால் பக்கத்திலேயே பள்ளிக்கூடத் தாழ்வாரம். நாட்டாமையிடமும் தெற்குத் தெருப் பெரியவர்களிடமும் பேசிவிட்டேன், இரண்டு தெருவும் சம்மதம். நடவு அக்காவும் தன் கட்டு ஆட்களோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். சாப்பாட்டை ஊர் பார்த்துக்கொள்ளும். எந்த நாள் தோதுப்படும் என்று நீங்கள் உங்களுக்குள் பேசி ஒரு தேதி மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மன்னார்குடி வட்டத்திலிருந்து ஒரு விவசாயி